மன்னார்த் தொகுதி: தனி ஆசனத்திலிருந்து வன்னிப் பட்டியல் வரை

2024 நவம்பர் 14 அன்று தாழ்வுபாட்டு வாக்காளர் ஒருவருக்குக் கொடுக்கப்பட்ட வாக்குச்சீட்டில் கட்சிச் சின்னங்களும் சுயேச்சைக் குழுக்களின் சின்னங்களும் இருந்தன. வேட்பாளர் ஒருவரின் பெயரும் அதில் இல்லை. ஒவ்வொரு பட்டியலிலும் ஒன்பது பேர். தனக்கு வேண்டியவர்களின் இலக்கங்களை மனதில் வைத்துக்கொண்டு போய் மூன்று விருப்பு வாக்குகள் வரை இடலாம். அந்த ஒன்பது பேரில் சிலர் வவுனியாக்காரர்கள், சிலர் முல்லைத்தீவுக்காரர்கள். முல்லைத்தீவு இந்துமாக்கடல் பக்கம். மன்னார்த் தீவிலிருந்து தரைவழியாக நூறு கிலோமீற்றருக்கும் மேல். தாழ்வுபாடோ மன்னார் நகரிலிருந்து சில கிலோமீற்றர் தூரத்தில், தீவின் தென்கரையில், மன்னார் வளைகுடாவைப் பார்த்திருக்கும் மீனவக் கிராமம்.

இதே கிராமத்தின் முந்திய தலைமுறை வேறு மாதிரி வாக்களித்தது. மன்னார் என்று ஒரு தொகுதி, அதற்கு ஓர் உறுப்பினர், சீட்டில் அவருடைய பெயர், பக்கத்தில் சின்னம். 1947 முதல் 1977 வரை அப்படித்தான் நடந்தது. அந்தத் தனி ஆசனம் போனதில் மன்னார் எதை இழந்தது, எதைப் பெற்றது என்ற கேள்விக்கு இன்றுவரை ஒழுங்காகப் பதில் தேடப்படவில்லை. வடக்கின் தேர்தல் வரலாறு பெரும்பாலும் யாழ்ப்பாணத்தின் வரலாறாகவே எழுதப்பட்டிருப்பது அதற்கு ஒரு காரணம். மன்னாரின் வாக்கு யாழ்ப்பாணத்தின் வாக்கைப் போல எப்போதும் நடந்துகொண்டதில்லை.

அந்த வேறுபாடு 1931லேயே தெரிந்தது. சர்வசன வாக்குரிமையோடு நடந்த முதலாவது அரசாங்க சபைத் தேர்தலை யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ் பகிஷ்கரித்தது. யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை, பருத்தித்துறை ஆகிய நான்கு தொகுதிகள் உறுப்பினர் இன்றிக் கிடந்தன. மன்னார்-முல்லைத்தீவுத் தொகுதி அந்தப் பகிஷ்கரிப்பில் சேரவில்லை. அது தன் உறுப்பினரைக் கொழும்புக்கு அனுப்பியது.

மன்னார் தனித் தொகுதியானது சோல்பரி அரசியலமைப்போடு. 1946இல் தொகுதிகளைப் பிரித்த ஆணைக்குழு ஒரு விதியைப் பின்பற்றியது: மாகாணத்தின் சனத்தொகையில் 75,000 பேருக்கு ஓர் ஆசனம், நிலப்பரப்பில் 1,000 சதுர மைலுக்கு இன்னோர் ஆசனம். நாடு முழுவதற்குமாக 95 ஆசனங்கள் வந்தன. அவற்றில் 25 நிலப்பரப்புக்காகக் கிடைத்தவை. வடமாகாணத்துக்கு ஒன்பது. ஏழு யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கும் அதைச் சேர்ந்த தீவுகளுக்கும் போக, பெருநிலத்துக்கு வவுனியா, மன்னார் என்று இரண்டு. அப்போது மன்னார் மாவட்டத்தின் சனத்தொகை 31 ஆயிரத்தைச் சுற்றித்தான் இருந்தது. தலையெண்ணிக்கை மட்டும் பார்த்திருந்தால் மன்னாருக்குத் தனி ஆசனம் கிடைத்திருக்காது. ஆள் குறைந்து நிலம் பரந்த பகுதிகளுக்கும் குரல் வேண்டும் என்ற நியாயத்தில் பிறந்த தொகுதி இது.

1947இல் இங்கே வென்றவர் க. சிற்றம்பலம். சிவில் சேவை அதிகாரியாக இருந்தவர், சுயேச்சையாக நின்று வென்றார். வென்றதும் டி. எஸ். சேனநாயக்கவின் முதலாவது அமைச்சரவையில் தபால், தொலைத்தொடர்பு அமைச்சரானார். சுதந்திர இலங்கையின் முதல் அமைச்சரவையில் மன்னார்த் தொகுதியின் உறுப்பினர் இருந்தார் என்பதை இன்று பலர் அறியார்கள். அந்த அரசாங்கமே 1948இல் குடியுரிமைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1949இல் இந்திய வம்சாவளித் தமிழர்களின் வாக்கைப் பறித்த திருத்தத்தையும் நிறைவேற்றியது. தலைமன்னார்-தனுஷ்கோடிக் கப்பல் வழியாக அந்த மக்களில் பலரும் அவர்களுடைய தாய்தந்தையரும் வந்து போயிருந்தார்கள். அந்த இறங்குதுறை இருந்த தொகுதியின் உறுப்பினர் அமைச்சராக வீற்றிருந்த காலத்தில் அது நடந்தது. அமைச்சர் பதவி கிடைப்பதும் மக்களுக்கு நியாயம் கிடைப்பதும் வேறு வேறு என்பதை இந்தத் தொகுதி தொடக்கத்திலேயே கண்டது.

1956இல் காட்சி மாறியது. தனிச் சிங்களச் சட்டம் வாசலில் நின்ற அந்தத் தேர்தலில் தமிழரசுக் கட்சி பத்து ஆசனங்களை வென்றது. அவற்றில் ஒன்று மன்னார். வி. ஏ. அழகக்கோன் அந்த ஆண்டில் வென்றார். 1960 மார்ச்சில் வென்றார். அதே ஆண்டு யூலையில் மறுபடி நடந்த தேர்தலில் வென்றார். 1965இலும் 1970இலும் வென்றார். ஐந்து பொதுத் தேர்தல்களில் ஒரே மனிதரை ஒரே கட்சியில் அனுப்பியது மன்னார். 1961 சத்தியாக்கிரகத்தில் யாழ்ப்பாணக் கச்சேரியைப் போலவே மன்னார்க் கச்சேரியும் மறிக்கப்பட்டது. தமிழ்த் தேசிய அரசியலில் மன்னார் பின்வாங்கி நின்றது என்று சொல்பவர்கள் இந்த ஐந்து வெற்றிகளையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

ஆனாலும் குடாநாட்டுத் தொகுதிகளில் இருந்த உறுதி இங்கே இருக்கவில்லை. காரணம் மக்களின் கலப்பு. மன்னாரில் கத்தோலிக்கர்களே பெரிய பிரிவினர். 1981 குடிசன மதிப்பீட்டின்படி முஸ்லிம்கள் கால் பங்கைத் தாண்டியிருந்தார்கள். எருக்கலம்பிட்டி, தாராபுரம், முசலி, சிலாவத்துறை, மறிச்சுக்கட்டி என்று அவர்களுடைய ஊர்கள் தீவிலும் பெருநிலத்திலும் பரந்திருந்தன. இவர்களோடு சைவர்களும் இந்திய வம்சாவளித் தமிழர்களும். யாரும் தனியே வெல்ல முடியாத தொகுதி. தமிழரசுக்காரருக்குக் கத்தோலிக்க வாக்கும் சைவ வாக்கும் ஒருங்கே வேண்டும், முஸ்லிம் வாக்கிலும் ஒரு பகுதி விழவேண்டும். ஐக்கிய தேசியக் கட்சிக்கு முஸ்லிம் ஊர்களோடு சில கத்தோலிக்கக் கிராமங்கள் சேர்ந்தால் போதும். 1960ஆம் ஆண்டு உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது நாடெங்கும் கத்தோலிக்கரைக் கொதிக்க வைத்தது. அந்தக் கொதிப்பு மன்னாரைத் தொடாமல் போயிருக்க வழியில்லை.

1974இல் அந்த உறுதிக் குறைவு வெளிப்பட்டது. அழகக்கோனுக்குப் பிறகு நடந்த இடைத்தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சியின் எஸ். ஏ. ரஹீம் வென்றார். இந்த வெற்றியை அந்தக் காலத்தின் அரசியலோடு வைத்துப் பார்க்க வேண்டும். 1972 குடியரசு அரசியலமைப்பை எதிர்த்துத் தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகம் காங்கேசன்துறை ஆசனத்தைத் துறந்திருந்தார். 1975 பெப்ரவரியில் அங்கே இடைத்தேர்தல் நடந்து அவர் பெருவெற்றி பெற்றபோது அது தமிழ் மக்களின் ஆணை என்று கொண்டாடப்பட்டது. காங்கேசன்துறை அந்த ஆணையைக் கொடுப்பதற்குச் சற்று முன், அதே வடமாகாணத்தின் இன்னொரு தொகுதி தேசியக் கட்சி ஒன்றின் முஸ்லிம் வேட்பாளரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியிருந்தது. இரண்டும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றதை விட்டுவிடும் வரலாறு அரைகுறை வரலாறு.

1976இல் தனிநாடு கோரிய வட்டுக்கோட்டைத் தீர்மானம். 1977 யூலையில் தமிழர் விடுதலைக் கூட்டணி வடக்கின் 14 ஆசனங்களையும் அள்ளியது. மன்னாரில் பி. எஸ். சூசைதாசன் வென்றார். தனித் தொகுதியாக மன்னார் தேர்ந்தெடுத்த கடைசி உறுப்பினர் அவர்.

1978 அரசியலமைப்பு விகிதாசாரப் பிரதிநிதித்துவத்தைக் கொண்டுவந்தது. மன்னார், வவுனியா, முல்லைத்தீவு ஆகிய மூன்று நிர்வாக மாவட்டங்களும் சேர்ந்து வன்னித் தேர்தல் மாவட்டமாயின. 1982 ஜனாதிபதித் தேர்தலிலேயே இந்த எல்லை பயன்பட்டது. யாழ்ப்பாண மாவட்டத்தில் குமார் பொன்னம்பலம் முன்னிலை பெற, வன்னியில் ஜே. ஆர். ஜயவர்தன முன்னிலை பெற்றார். அந்த ஆண்டு டிசம்பரில் நடந்த சர்வசன வாக்கெடுப்பு நாடாளுமன்றத்தின் ஆயுளை நீட்டியது. 1977இல் தெரிவானவர்களே தொடரலாம் என்றாயிற்று. அந்த நீட்டிப்பு மன்னாருக்கு உதவவில்லை. 1983 கறுப்பு யூலைக்குப் பின் வந்த ஆறாவது திருத்தத்தின், தனிநாட்டுக் கோரிக்கையைத் துறக்கும் சத்தியப்பிரமாணத்தைக் கூட்டணி உறுப்பினர்கள் ஏற்க மறுத்தார்கள், ஆசனங்கள் பறிபோயின.

அந்த வெறுமையின் கனத்தை அடுத்த ஆண்டுகளில்தான் மன்னார் அறிந்தது. 1984 டிசம்பர் 4 அன்று மன்னாரில் இராணுவம் வீதியில் போன பொதுமக்களைச் சுட்டுக் கொன்றது. அடுத்த மாதம், 1985 ஜனவரியில், வங்காலைப் பங்குத்தந்தை மேரி பஸ்ரியன் கொல்லப்பட்டார். அந்த நாட்களில் நாடாளுமன்றத்தில் எழுந்து நின்று மன்னாரின் பெயரைச் சொல்லக் கடமைப்பட்ட ஓர் உறுப்பினர் இருக்கவில்லை. வாக்களித்த மக்கள் இருந்தார்கள், அவர்களுடைய ஆசனம் இல்லை. 1989 பெப்ரவரி வரை அப்படியே போனது.

மன்னாரில் ஆயர் இல்லம் ஓர் அரசியல் முகவரியானது இந்த வெறுமையில்தான் என்று நினைக்க இடமுண்டு. 1992 முதல் 2016 வரை ஆயராக இருந்த இராயப்பு யோசப் ஆண்டகை எந்தத் தேர்தலிலும் நிற்கவில்லை. ஆனால் 2011 ஜனவரியில் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு முன் சென்று, போரின் இறுதிக்கட்டத்தில் வன்னியில் கணக்கில் வராத மக்கள் 146,679 பேர் என்று எண்ணை வைத்துக் கேட்டவர் அவரே. கச்சேரிப் புள்ளிவிவரங்களைக் கொண்டே அந்தக் கணக்கை அவர் எடுத்தார். நாடாளுமன்ற உறுப்பினர் செய்ய வேண்டிய வேலையை மறைமாவட்டம் செய்தது.

இதற்கிடையில் தொகுதியின் உடலே வெட்டப்பட்டது. 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். வடமாகாணம் முழுவதிலும் 70 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர். மன்னாரிலிருந்து போனவர்கள்தான் அதிகம். படகுகளில் கற்பிட்டிக் கரைக்கும் பிறகு புத்தளத்துக்கும் போய்ச் சேர்ந்தார்கள். கால் பங்குக்கு மேற்பட்ட வாக்காளர்கள் ஒரே மாதத்தில் ஊரை விட்டுத் துரத்தப்பட்ட பின் மன்னாரின் தேர்தல் வரலாறு இரண்டு இடங்களில் நடக்கத் தொடங்கியது: ஒன்று மன்னாரில், மற்றது புத்தளத்தின் அகதிக் கிராமங்களில். அந்த வெளியேற்றத்துக்கு எந்த நியாயமும் கிடையாது. முப்பது வருடங்களுக்கு மேலாகியும் அதன் விளைவு ஒவ்வொரு வாக்காளர் இடாப்பிலும் இருக்கிறது. 2019 நவம்பர் 16 அன்று ஜனாதிபதித் தேர்தலுக்காகப் புத்தளத்திலிருந்து மன்னாருக்கு வாக்களிக்கப் போன முஸ்லிம்களின் பஸ் வண்டிகள் மீது தந்திரிமலைப் பகுதியில் துப்பாக்கிப் பிரயோகமும் கல்வீச்சும் நடந்தன. சொந்த ஊரின் வாக்கைப் போட மாகாணம் தாண்டிப் பயணம் செய்யும் நிலை அவர்களுக்கு இவ்வளவு காலம் நீடித்தது.

அந்த வெளியேற்றத்தின் பிள்ளைதான் ரிசாட் பதியுதீனின் அரசியல். தாராபுரத்தைச் சேர்ந்த அவர் 1990இல் இடம்பெயர்ந்தவர். 2001 முதல் வன்னியில் ஒவ்வொரு பொதுத் தேர்தலிலும் வென்று வருகிறார். 2007க்குப் பின் மீள்குடியேற்ற அமைச்சராகவும் பிறகு கைத்தொழில், வணிக அமைச்சராகவும் இருந்தார். மறுபக்கம் மன்னாரைச் சேர்ந்த ரெலோ தலைவர் செல்வம் அடைக்கலநாதன் 2000 முதல் ஏழு பொதுத் தேர்தல்களில் தொடர்ச்சியாக வென்றிருக்கிறார். 2015இலும் 2020இலும் தமிழரசுக் கட்சியின் சார்ள்ஸ் நிர்மலநாதனும் சேர, வன்னியின் ஆறு ஆசனங்களில் மூன்று மன்னார்க்காரர்களிடம் இருந்தன.

இங்கேதான் கணக்கு சிக்கலாகிறது. 2024இல் வன்னியில் பதிவு பெற்ற வாக்காளர்கள் 306,081. வவுனியாவில் 128,585, மன்னாரில் 90,607, முல்லைத்தீவில் 86,889. மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான வாக்காளர்களைக் கொண்ட மன்னார் ஒரு காலம் பாதி ஆசனங்களை வைத்திருந்தது. தனித் தொகுதியில் ஓர் உறுப்பினரே கிடைத்திருப்பார். எண்ணிக்கையில் பார்த்தால் விகிதாசார முறை மன்னாரை வஞ்சிக்கவில்லை. முக்கியமாக, தனித் தொகுதி முறையில் ஒரு தேர்தலில் தமிழரும் முஸ்லிமும் சேர்ந்து வெல்ல முடியாது. ஒருவர் வெல்ல மற்றவர் தோற்பார். விகிதாசாரத்தில் இருவரும் ஒரே நாடாளுமன்றத்தில் அமர்ந்தார்கள். 1990இல் ஊரை இழந்த ஒரு சமூகத்துக்கு இது சிறிய விடயமாகாது. பழைய முறைதான் நல்லது என்று ஏங்குபவர்கள் இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும்.

இழப்பு வேறு இடத்தில் நடந்தது. 1970இல் அழகக்கோன் வெல்வதற்கு எருக்கலம்பிட்டி வாக்காளர் சிலரையாவது தேடிப் போகவேண்டியிருந்தது. ரஹீம் வெல்வதற்குக் கத்தோலிக்கக் கரையோரத்துக்கு வரவேண்டியிருந்தது. விருப்பு வாக்கு முறையில் அந்தத் தேவை கிடையாது. தன் சமூகத்தின் வாக்கை மூன்று மாவட்டங்களிலும் திரட்டினால் போதும். அடுத்த ஊரைக் கேட்காமலே வெல்லலாம். 2012இல் மன்னார்க் கோந்தைப்பிட்டி இறங்குதுறை யாருக்கு என்று, மீண்டுவந்த முஸ்லிம் மீனவர்களுக்கும் விடத்தல்தீவிலிருந்து இடம்பெயர்ந்து அங்கே தொழில் செய்த தமிழ் மீனவர்களுக்கும் பிணக்கு எழுந்தது. இரு பக்கத்தாரும் போரால் அலைக்கழிக்கப்பட்டவர்கள். இரு பக்கத்து வாக்கிலும் தங்கியிருக்கும் ஓர் உறுப்பினர் இருந்திருந்தால் அந்தப் பேச்சு வேறு மாதிரி நடந்திருக்கும். இருந்தவர்களோ ஆளுக்கொரு பக்கத்தின் உறுப்பினர்களாகவே பார்க்கப்பட்டார்கள்.

போர்க்காலத் தேர்தல்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பல இடங்களில் வாக்களிப்பே முழுமையாக நடக்கவில்லை. 2004இல் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு வன்னியின் ஆறில் ஐந்தை வென்றது. 2005 ஜனாதிபதித் தேர்தலைப் புலிகள் பகிஷ்கரித்தபோது வன்னியில் மூன்றில் ஒரு பங்கினரே வாக்களித்தனர். போருக்குப் பின் 2010இல் கூட்டமைப்புக்கு மூன்று ஆசனங்கள், 2015இல் நான்கு, 2020இல் மறுபடி மூன்று. 2019 ஜனாதிபதித் தேர்தலில் வன்னியின் 82 சதவீத வாக்கு சஜித் பிரேமதாசவுக்கு விழுந்தது. அந்த எண்ணில் ராஜபக்ச எதிர்ப்பில் தமிழரும் முஸ்லிமும் ஒரே பெட்டியில் வாக்கிட்ட அபூர்வம் தெரிகிறது.

மாகாண சபை அடுத்த தட்டு. 2013 செப்ரெம்பர் 21 அன்று நடந்த வடமாகாண சபைத் தேர்தலில் மன்னாருக்குத் தனியாக ஐந்து ஆசனங்கள் இருந்தன. மூன்று கூட்டமைப்புக்கு, ஒன்று ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்புக்கு, ஒன்று முஸ்லிம் காங்கிரசுக்கு. 1977க்குப் பின் வவுனியாவோடும் முல்லைத்தீவோடும் சேர்க்கப்படாமல் மன்னார் மாவட்டம் சட்டம் இயற்றும் சபை ஒன்றுக்கு உறுப்பினரை வாக்களித்துத் தெரிவுசெய்தது அந்த ஒருமுறைதான். மாகாணக் கடற்றொழில் அமைச்சும் மன்னாரைச் சேர்ந்த பா. டெனீஸ்வரனிடம் போனது. 2018 ஒக்ரோபரில் சபையின் ஆயுள் முடிந்தது. 2017ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் தேர்தல் முறையை மாற்றி, எல்லை நிர்ணயத்தில் சிக்கவைத்துவிட்டதால் அடுத்த தேர்தல் நடக்கவே இல்லை.

இந்தத் தட்டுகள் எல்லாம் தாழ்வுபாட்டுக் கரையில் வந்து முட்டும் இடம் காற்றாலை. தீவின் தென்கரை நெடுகிலும் முப்பது காற்றாலைகளைக் கொண்ட ‘தம்பபவனி’ 2020 டிசம்பரில் திறக்கப்பட்டது. இலங்கை மின்சார சபையின் திட்டம், சுமார் 100 மெகாவோற். மழைத்தண்ணீர் கடலுக்கு ஓடும் வழி அடைபட்டு ஊர் வெள்ளத்தில் நிற்கிறது, கரையோர மீன்பாடு குறைந்துவிட்டது என்று மீனவர்கள் முறையிட்டு வருகிறார்கள். கச்சான் வீசும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும்; அமைதியான மாதங்களின் உழைப்பே வருடம் முழுவதற்கும் சோறு. அந்த மாதங்களில் மீன் விலகினால் ஈடு செய்ய வழியில்லை. அதோடு தமிழ்நாட்டு இழுவைப் படகுகளின் நெடுநாள் தொல்லை. இழுவைமடித் தொழிலை இலங்கை 2017ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தால் தடைசெய்தது. கடலில் அது நிற்கவில்லை. கனிய மணல் அகழ்வுத் திட்டமும் தலைக்கு மேல் தொங்குகிறது.

அதானி நிறுவனம் 2025 பெப்ரவரியில் மன்னார்-பூநகரிக் காற்றாலைத் திட்டத்திலிருந்து விலகியது. ஆனாலும் தீவில் வேறு காற்றாலை வேலைகள் நகர்ந்தன. 2025 ஓகஸ்ட்டில் மக்கள் வீதியில் இறங்கினார்கள். ஜனாதிபதி ஒரு மாத இடைநிறுத்தம் அறிவித்தார். செப்ரெம்பரில் வேலை மறுபடி தொடங்க, உபகரணங்கள் வந்த இரவில் மக்களுக்கும் பொலிஸாருக்கும் மோதல் நடந்தது. அந்தப் போராட்டத்தில் குருமார் நின்றார்கள், முஸ்லிம்களும் தமிழரும் நின்றார்கள், பிரஜைகள் குழு நின்றது. பழைய மன்னார்த் தொகுதியில் யாராவது வெல்ல வேண்டுமென்றால் எந்த மக்களை ஒன்றுசேர்க்க வேண்டியிருந்ததோ, அதே மக்கள் வீதியில் சேர்ந்து நின்றார்கள். வாக்குச்சீட்டில் மட்டும் அவர்கள் சேர்வதற்கு இடமில்லை.

2024 பொதுத் தேர்தலில் தேசிய மக்கள் சக்தி வன்னியில் முதலிடம் பெற்று இரண்டு ஆசனங்களை எடுத்தது. ரிசாட் பதியுதீன், செல்வம் அடைக்கலநாதன், தமிழரசுக் கட்சியின் துரைராசா ரவிகரன், தொழிற் கட்சியில் நின்ற காதர் மஸ்தான் ஆகியோருக்கு ஆளுக்கொன்று. ஆறு ஆசனங்கள் ஐந்து கட்சிகளுக்குப் பிரிந்தன. ஒரே தமிழ்க் கட்சியின் கோட்டை என்று வன்னியை இனிச் சொல்ல முடியாது. மன்னார்த் தனித் தொகுதி தெரிவுசெய்த அனைவரும் ஆண்களாகவே இருந்தார்கள். இந்த ஆறு பேரும் ஆண்கள்தான். உள்ளூராட்சியில் கால் பங்கு பெண்களுக்கு என்று 2018 முதல் நடைமுறைக்கு வந்த ஒதுக்கீடு நாடாளுமன்றத்தை எட்டவில்லை.

உள்ளூராட்சியில் இன்னொன்றும் திரும்பி வந்திருக்கிறது. 2018, 2025 ஆகிய இரண்டு தேர்தல்களிலும் அறுபது சதவீத உறுப்பினர்கள் வட்டாரம் வாரியாகவும் நாற்பது சதவீதத்தினர் பட்டியல் வழியாகவும் தெரிவானார்கள். தன் வட்டாரத்தின் உறுப்பினர் யார் என்று ஒரு கிராமம் பெயர் சொல்லிக் கேட்கலாம். அதே சமயம் வட்டாரத்தில் தோற்ற சிறு சமூகத்துக்குப் பட்டியலில் இடமுண்டு. இந்தக் கலப்பு முறையை நாடாளுமன்றத்துக்கும் கொண்டுவரும் பேச்சு பல அரசாங்கங்களாக நடக்கிறது. அப்படி வந்தால் மன்னார் என்ற தொகுதி மறுபடி எழுமா?

2024இல் நாடு முழுவதும் பதிவு பெற்ற 17,140,354 வாக்காளர்களைப் பழைய 160 தொகுதிகளுக்குப் பங்கிட்டால் ஒன்றுக்குச் சுமார் ஒரு இலட்சத்து ஏழாயிரம் வரும். மன்னாரின் 90,607 அதற்குச் சற்றுக் குறைவு. இடாப்பில் புத்தளத்து முஸ்லிம்களின் பெயர்கள் எங்கே பதியப்படுகின்றன என்பது அந்த எண்ணை மேலும் அசைக்கும். தலையெண்ணிக்கை மட்டுமே அளவென்றால் மன்னாரை அயல் மாவட்டத்தின் ஒரு துண்டோடு ஒட்டிவிட வாய்ப்புண்டு. 1946 ஆணைக்குழு நிலப்பரப்புக்கும் இடம் கொடுத்தது. இன்றைய முறையிலும் மாகாணத்துக்கு நான்கு என்று 36 ஆசனங்கள் சனத்தொகைக்கு அப்பால் ஒதுக்கப்படுகின்றன. அந்த ஒதுக்கீடு புதிய சட்டத்தில் காக்கப்படுகிறதா, எல்லை கீறும் குழு மன்னாரில் வந்து விசாரணை நடத்துமா, மீனவர் கூட்டுறவுச் சங்கங்களும் பள்ளிவாசல்களும் பங்குகளும் சேர்ந்து ஒரே மனுவைக் கொடுக்குமா என்பவற்றில்தான் தாழ்வுபாட்டு வாக்காளரின் அடுத்த வாக்குச்சீட்டு தங்கியிருக்கிறது.